ராமேஸ்வரத்தில் ஒரு மாடி வீடு: வாடகை பாக்கி தீர்ந்த விதம்

ராமேஸ்வரம் நகராட்சி எல்லைக்குள் இருக்கும் தங்கள் வீட்டின் மாடியை முதன்முறையாக வாடகைக்கு விட்ட ஒரு தம்பதி, பதினான்காம் மாதத்தில் என்னிடம் வந்தார்கள். ஆறு மாதமாக வாடகை ஒழுங்காக வரவில்லை, ஆளைக் காலி செய்ய வேண்டும், எத்தனை நாளில் முடியும் என்பதுதான் அவர்கள் கேட்டது. விஷயம் நீதிமன்றப் படி ஏறாமலே ஐந்து மாதத்தில் முடிந்தது. வழக்கறிஞராக இப்படிப்பட்ட தகராறுகள் என்னிடம் வருவது வாடிக்கை. பெரும்பாலும் இரு தரப்பும் முகம் பார்க்க முடியாத நிலையில்தான் வருவார்கள். இது எப்படி வளர்ந்தது, எப்படி இறங்கியது என்பதை இரு தரப்பின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், தெரு, அடையாளம் எல்லாவற்றையும் விலக்கியிருக்கிறேன். தொகைகள் நடந்தபடியே.

வீடும் ஆட்களும்

வீட்டுக்காரர் சவுதியில் பல வருடம் டிரைவராக இருந்து திரும்பியவர். கையிருப்போடு வங்கிக் கடனும் சேர்த்து மாடி கட்டினார். மாதத் தவணை ரூ. 8,700. மாடி வாடகை ரூ. 6,000 வரும், மீதியைக் கையிலிருந்து போட்டுக் கட்டிவிடலாம் என்பது திட்டம். அந்த 6,000 நின்றால் வங்கித் தவணையும் நிற்கும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாடகை பாக்கி என்றாலே வீட்டுக்காரர் வசதியானவர், குடியிருப்பவர் ஏழை என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கே இரண்டு வீட்டிலும் மாதக் கடைசி ஒன்றுபோலத்தான் இருந்தது.

குடியிருந்தவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். மனைவி சங்கு, சிப்பிப் பொருட்கள் கோத்துக் கோவில் பக்கத்துக் கடைகளுக்குக் கொடுப்பார். இரண்டு பிள்ளைகள். ஆவணியில் குடிவந்தார்கள். அட்வான்ஸ் ரூ. 18,000, அதாவது மூன்று மாத வாடகை. பத்திரத்தாளில் 11 மாத ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பீரோவில் வைத்தார்கள். மாடிக்குத் தனி மின் இணைப்பு, வீட்டுக்காரர் பெயரில். தண்ணீர் மோட்டார் இரண்டு வீட்டுக்கும் பொது.

செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை ஒரு மாதமும் தவறாமல் 5ஆம் தேதிக்குள் வாடகை வந்தது. கீழ்வீட்டு அம்மாவை அவர்கள் அக்கா என்றும், வீட்டுக்காரரை அண்ணே என்றும் கூப்பிட்டார்கள். நல்ல மீன்பாடு கிடைத்த நாளில் மாடியிலிருந்து மீன் குழம்பு இறங்கி வரும்.

பாக்கி ஏறியது

நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலம். அரசு தரும் நிவாரணம் குடும்பத்துக்கு ரூ. 8,000. இரண்டு மாதத்துக்கு அது அரிசி, பருப்புக்கே சரியாக இருக்கும். மே மாதம் கோடை விடுமுறைக் கூட்டத்தில் மனைவியின் சிப்பி வேலை ஓடியது, அதனால் பாதி வாடகை ரூ. 3,000 வந்தது. ஜூனில் எதுவும் வரவில்லை. "தடை முடிஞ்சதும் தந்துர்றேன் அண்ணே" என்றார். வீட்டுக்காரரும் நியாயம்தான் என்று விட்டார். அதுவரை யார்மேலும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

தடை முடிந்து படகுகள் இறங்கின. ஜூலையில் அவர் வேலை பார்த்த படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது. அன்று காய்ச்சலில் கரையில் இருந்ததால் அவர் தப்பினார், வேலை தப்பவில்லை. 2018இல் இலங்கை வெளிநாட்டுப் படகுகள்மீதான சட்டத்தைக் கடுமையாக்கிய பிறகு, ஆட்கள் விடுதலையாகி வந்தாலும் படகு திரும்புவது அரிது. படகு போனால் அதை நம்பியிருந்தவர்கள் வேறு படகு தேட வேண்டும். எல்லாப் படகிலும் ஆள் ஏற்கெனவே நிரம்பியிருக்கும் நேரம் அது. பிடிபட்டவர்களை விடச் சொல்லி மீனவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது மற்ற படகுகளும் கரையில் நின்றன. ஆகஸ்டில் ரூ. 2,000 மட்டும் கூகுள் பே வழியாக வந்தது. செப்டம்பரில் ரூ. 2,500 கைப்பணமாக. அக்டோபரில் ஒன்றுமில்லை.

இந்த ஆறு மாதத்தில் இரு வீட்டாரும் பாக்கியைப் பற்றி ஒருமுறைகூட உட்கார்ந்து பேசவில்லை. படியில் பார்க்கும்போது "தம்பி, கொஞ்சம் பாத்துக்கங்க" என்பார் வீட்டுக்காரர். "இந்த வாரம் அண்ணே" என்பார் அவர். அண்ணன் தம்பி என்று கூப்பிட்டுப் பழகிய பிறகு தொகையைச் சொல்லிக் கேட்பது இருவருக்கும் கூச்சமாக இருந்தது. கூச்சம் முற்றி, அக்டோபரில் மாடிக்காரர் கீழ்வீட்டுக் கதவு மூடியிருக்கும் நேரம் பார்த்து இறங்கிப் போக ஆரம்பித்தார். வீட்டுக்காரர் அதை ஏமாற்று வேலை என்று எடுத்துக்கொண்டார். இதற்கிடையில் 11 மாத ஒப்பந்தம் ஜூலையோடு முடிந்திருந்தது. இரு தரப்பும் அதைக் கவனிக்கவில்லை.

மோட்டாரை நிறுத்தினார்கள்

முதன்முறை வீட்டுக்காரர்களுக்கு ஊரெல்லாம் ஆலோசகர்கள். இவர்களுக்கு வந்த யோசனைகள்: கரண்டை நிறுத்து, கதவுக்கு இன்னொரு பூட்டுப் போடு, சாமானை வெளியே வை, இன்னாரைச் சொல்லி மிரட்டு. ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்த வீட்டுக்காரர் மனைவியின் தம்பி, யாரையும் கேட்காமல் மாடித் தொட்டிக்குப் போகும் தண்ணீர் வால்வை அடைத்து, மோட்டார் அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். மாடி அம்மா குடத்தோடு தெருக்குழாய்க்கு நடந்தார். சாயங்காலம் கீழ்வீட்டு அம்மாவே தம்பியிடம் சண்டை போட்டுச் சாவியை வாங்கித் திறந்துவிட்டார். நின்றது ஒரு பகல்தான்.

அந்த ஒரு பகல் செய்த சேதம் பெரிது. பாக்கிக்காக வெட்கப்பட்டுக்கொண்டிருந்த குடும்பத்துக்கு அது கோபப்பட ஒரு காரணத்தைக் கொடுத்தது. "பாக்கிய அட்வான்ஸ்ல கழிச்சுக்கங்க, இனிமே எங்ககிட்ட கேக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார் மாடிக்காரர். பேச்சு நின்றது.

சட்டத்தில் இது இன்னும் மோசம். 1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் வருடச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 20ஆம் பிரிவு தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்கிறது. பாக்கி இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. குடியிருப்பவர் புகார் கொடுத்தால் வசதியைத் திருப்பித் தரச் சொல்லி, இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரி உடனே உத்தரவிடலாம். பூட்டுப் போட்டு வெளியேற்றினாலும் இதே கதை. வாடகை தராதவராக இருந்தாலும், சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனால், வீட்டை மீண்டும் அவர் கையில் ஒப்படைக்க உத்தரவு வாங்க முடியும். பணம் வர வேண்டிய ஆள் பதில் சொல்ல வேண்டிய ஆளாக மாறிவிடுவார். என் அலுவலகத்தில் வீட்டுக்காரரிடம் நான் கடுமையாகப் பேசியது இந்த ஒரு விஷயத்தில்தான்.

ஒரே தாளில் கணக்கு

பாக்கி எவ்வளவு என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். ரூ. 32,650 என்றார். மாடிக்காரரை ஆள் அனுப்பி வரச் சொல்லி, அவரிடம் தனியாக அதையே கேட்டேன். ரூ. 7,700 என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் ஆறு மாத வாடகை 36,000 போட்டு, மே மாதத்து 3,000த்தையும் ஆகஸ்டு 2,000த்தையும் கழித்து, தான் கட்டிய இரண்டு மின் கட்டணம் 1,650ஐக் கூட்டியிருந்தார். செப்டம்பரில் வந்த 2,500 அவர் கணக்கில் இல்லை. அது கீழ்வீட்டு அம்மா கையில் போனது. வீட்டுச் செலவில் கரைந்தது, கணவரிடம் சொல்ல மறந்திருந்தார். "முருங்கைக்கீரை பறிச்சுக்கிட்டு இருந்தப்போ குடுத்தேனே அக்கா" என்று மாடி அம்மா நினைவுபடுத்தியதும், "ஆமா, குடுத்தா" என்று அவர் உடனே ஒத்துக்கொண்டார். அந்த நேர்மைதான் அன்றைய பேச்சை நகர்த்தியது. ரசீது எழுதியிருந்தால் இந்த நினைவுபடுத்தலே தேவைப்பட்டிருக்காது. வாடகை வாங்கினால் ரசீது கொடுப்பது சட்டப்படி வீட்டுக்காரரின் கடமை. வங்கி வழியாகவோ செல்பேசி வழியாகவோ வந்தால் அந்தப் பதிவே சான்று.

மாடிக்காரர் 28,500 வாடகை பாக்கியிலிருந்து அட்வான்ஸ் 18,000த்தைக் கழித்துவிட்டார். ஏப்ரலில் மோட்டார் காயில் கருகியபோது தான் கொடுத்த 2,800த்தையும் கழித்தார். மின் கட்டணத்தைச் சேர்க்கவே இல்லை.

அட்வான்ஸ் விஷயத்தில் அவருக்கு நான் சொன்னது: வீட்டைக் காலி செய்து சாவி கொடுக்கும் அன்றுதான் அட்வான்ஸ் கணக்குக்கு வரும். குடியிருக்கும்போதே கழித்துக்கொண்டே போனால், கடைசி மின் கட்டணத்துக்கோ உடைந்த கதவுக்கோ வீட்டுக்காரர் கையில் ஒன்றும் மிஞ்சாது. மோட்டார் விஷயத்தில் வீட்டுக்காரருக்குச் சொன்னது: மோட்டார் வீட்டோடு சேர்ந்த பொருள், இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் ஏற்றுவது. குழாய் வாஷர், சுவிட்ச் மாதிரிச் சில்லறைப் பழுதைக் குடியிருப்பவர் பார்க்க வேண்டும், அதுவே முறை. உப்புக் காற்றில் துருவேறிப் போன மோட்டாரைக் குடியிருப்பவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. அவர் தயங்கினார், பிறகு ஒத்துக்கொண்டார்.

வாடகை பாக்கி 28,500, மின் கட்டணம் 1,650, கழிக்க வேண்டிய மோட்டார் செலவு 2,800, நிகரம் ரூ. 27,350. அட்வான்ஸ் 18,000 தனி. இதை ஒரே தாளில் எழுதி, நான்கு பேரும் கையெழுத்திட்டார்கள். மனைவிமாரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். கைப்பணம் புழங்குவது அவர்கள் வழியாகத்தான்.

என்னைக் கேட்டால், இந்தப் பாக்கி ஆறு மாதம் வளர்ந்ததற்குப் படகு பிடிபட்டது பாதிக் காரணம். மீதிப் பாதி, இருவரும் ஒத்துக்கொண்ட ஒரு தொகை எங்கும் எழுதப்படாமல் இருந்தது. கீழே 32,650 தர வேண்டியவனைப் பார்த்து ஒருவர் கொதித்துக்கொண்டிருந்தார். மேலே 7,700க்கா தண்ணீரை நிறுத்தினார்கள் என்று இன்னொருவர் கொதித்துக்கொண்டிருந்தார்.

அறிவிப்பு

தொகையில் உடன்பாடு வந்தாலும் நான் முறையான அறிவிப்பையும் அனுப்பச் சொன்னேன். வீட்டுக்காரருக்கு முதலில் இது புரியவில்லை. "பேசி முடிச்சாச்சே, எதுக்கு நோட்டீஸ்?" என்றார். 2017ஆம் வருடச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, இரண்டு மாத வாடகை பாக்கியாகி, அதை எழுத்தில் கேட்டு, அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழுவதும் வராவிட்டால்தான் காலி செய்யக் கோரி வாடகை நீதிமன்றத்துக்குப் போக முடியும். பேச்சு முறிந்த பிறகு அனுப்பினால் அந்த ஒரு மாதம் அன்றைக்குத்தான் தொடங்கும். இப்போதே அனுப்பிவைத்தால் வழி திறந்திருக்கும். அறிவிப்பில் எந்த மாதத்துக்கு எவ்வளவு, எது வந்தது, எது பாக்கி என்று வரிவரியாக இருக்க வேண்டும். மிரட்டல் ஒரு வார்த்தைகூடக் கூடாது. ஒப்புகை அட்டையோடு தபாலில் ஒன்று, நேரில் கையெழுத்து வாங்கி ஒன்று.

தபால்காரர் வருவதற்கு முந்தைய நாளே வீட்டுக்காரர் மாடிக்குப் போய் விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்றேன். கடற்கரைக் குடும்பங்களில் வக்கீல் பெயர் போட்ட கடிதம் என்றால் போலீஸ், கோர்ட் என்றே பயப்படுவார்கள். பயந்த ஆள் இரவோடு இரவாகச் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் இரு தரப்புக்கும் நஷ்டம். சொல்லியும்கூட, "கோர்ட்ல போட்டுட்டீங்களா அண்ணே?" என்று அவர் கேட்டாராம். "இல்ல தம்பி, கணக்கு பேப்பர்ல இருக்கணும்ல, அதுக்குத்தான்" என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு விஷயமும் வீட்டுக்காரருக்கு எடுத்துச் சொன்னேன். அவருடைய ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாகவில்லை. 11 மாதத்துக்குள் எழுதினால் பதிவு வேண்டாம் என்று ஊரில் இன்றும் நம்புகிறார்கள். புதிய சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், பதிந்து எண் வாங்க வேண்டும். பதியாத ஒப்பந்தத்தைச் சான்றாகக் காட்ட முயன்றால் ஆரம்பத்திலேயே தடை வரும். ஆகவே பேச்சில் முடிப்பது மாடிக்காரருக்கு எவ்வளவு அவசியமோ, வீட்டுக்காரருக்கும் அவ்வளவு அவசியமாக இருந்தது. பாக்கியை மட்டும் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம் உண்டு என்பது அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஞாயிறு சாயங்காலம்

பாக்கியை எப்படிக் கட்டுவது என்பதில்தான் அதிக நேரம் செலவழித்தோம், செலவழித்தது வீண் போகவில்லை. மாதம் 10,000 தருகிறேன் என்று மாடிக்காரர் ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டார். நான் அதை ஏற்கவில்லை. அவமானத்தில் இருக்கிறவர் எந்தத் தொகைக்கும் தலையாட்டுவார். அடுத்த மாதம் அது உடையும், உடைந்தால் மறுபடி கதவு மூடும்.

அவருக்குப் பணம் எப்போது வருகிறது என்று கேட்டேன். அதற்குள் வேறொரு விசைப்படகில் இடம் கிடைத்திருந்தது. பாக் நீரிணையில் விசைப்படகுகள் வாரம் மூன்று நாள் போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. ராமேஸ்வரம் படகுகள் திங்கள், புதன், சனி கிளம்பி மறுநாள் கரை சேரும். மீன் விற்று, டீசல், ஐஸ் செலவு போகப் பங்கு கைக்கு வரும். அதாவது மாதச் சம்பளம் என்று ஒன்று அவர் வாழ்க்கையில் கிடையாது. 5ஆம் தேதி 6,000 என்பது அவர் பணம் வரும் போக்குக்கே பொருந்தாத ஏற்பாடு. வேலை நன்றாக இருந்த எட்டு மாதம் எப்படியோ சமாளித்திருக்கிறார்.

ஆகவே சனிக்கிழமைப் படகு ஞாயிறு காலை கரையேறியதும், அன்று சாயங்காலம் ரூ. 2,000 என்று வைத்தோம். மாதத்துக்கு எட்டாயிரத்துக்கு மேல் வரும். ஆறாயிரம் நடப்பு வாடகைக்கு, மீதி பழைய பாக்கிக்கு. புயல் எச்சரிக்கை வந்து கடலுக்குப் போக மீன்வளத்துறை அனுமதி டோக்கன் கொடுக்காத வாரத்தில் கட்ட வேண்டாம், ஆனால் மனைவி கீழே வந்து "இந்த வாரம் கடலுக்குப் போகல அக்கா" என்று வாயால் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைக்குச் சட்ட மதிப்பு ஏதுமில்லை. கதவு மூடுவதைத் தடுக்கத்தான் அதைச் சேர்த்தேன்.

அப்படியும் 27,350 முழுவதும் தீராது என்பது கணக்குப் போட்டபோதே தெரிந்தது. அடுத்த ஏப்ரல் 15க்கு மறுபடி தடைக்காலம். அதற்குள் தீராத பாக்கி மீண்டும் ஏறத்தான் செய்யும். மாடிக்காரரின் வருமானத்துக்கு 6,000 ரூபாய் வீடு தாங்காது என்பதை அவர் மனைவிதான் முதலில் வாய்விட்டுச் சொன்னார். தங்கச்சிமடத்தில் தன் அம்மா வீட்டுப் பக்கம் 3,500க்கு வீடு கிடைக்கும் என்றார். மார்ச் 31இல் காலி செய்வது, அதற்குள் பாக்கியை அட்வான்ஸ் அளவுக்காவது இறக்குவது என்று இலக்கு வைத்தோம். அட்வான்சும் பாக்கியும் நேராகிவிட்டால் யாரும் யாருக்கும் தர வேண்டியதில்லை. வீட்டுக்காரருக்கு இது முழுத் திருப்தி தரவில்லை. தடைக்காலத்தில் அடுத்த ஆளைத் தேட வேண்டியிருக்கும், வெள்ளையடிக்கும் செலவு இருக்கிறது. ஆனாலும் தவணைக்கு வாரம் 2,000 கைக்கு வருவது அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது.

முடிந்தது

நவம்பர் முதல் வாரமே பணம் வந்தது. கீழ்வீட்டு அம்மா ஒரு சின்ன நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மழைக்காலத்தில் சில வாரங்கள் கடல் இல்லை, அந்த வாரங்களில் சொல்லிவிட்டுப் போனார்கள். தை அமாவாசைக் கூட்டத்தில் சிப்பி வியாபாரம் நன்றாகப் போக, ஒரு வாரம் ரூ. 3,500 வந்தது. ஐந்து மாதத்தில் மொத்தம் ரூ. 38,500. நடப்பு வாடகை 30,000 போக 8,500 பழைய பாக்கிக்குச் சேர்ந்தது. மார்ச் கடைசியில் பாக்கி ரூ. 18,850.

காலி செய்த அன்று அட்வான்ஸ் 18,000 நேரானது. மீதி 850ஐ வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். கடைசி மின் கட்டணம் ரூ. 410ஐ மாடிக்காரர் அன்றே கட்டினார். இரு தரப்பும் எழுதிக்கொண்டார்கள்: வீடு காலியாகக் கிடைத்தது, சாவி கைக்கு வந்தது, அட்வான்ஸ் பாக்கிக்கு வரவு வைக்கப்பட்டது, இனி யாருக்கும் யாரும் தர வேண்டியதில்லை. தங்கச்சிமடத்து வீட்டுக்காரரிடம் காட்ட அதில் ஒரு பிரதி வேண்டும் என்று மாடிக்காரர் கேட்டு வாங்கிப் போனார்.

ஜூனில் வேறொரு குடும்பம் மாடிக்கு வந்தது. மாதச் சம்பளக்காரர். இந்த முறை ஒப்பந்தத்தை இணையத்தில் ஏற்றிப் பதிவு எண் வாங்கினார்கள். மின் கட்டணம் யார் கட்டுவது, மோட்டார் பழுதானால் யார் செலவு, வாடகை இரண்டு மாதம் நின்றால் எந்தத் தேதியில் எழுத்தில் கேட்பது என்ற மூன்றையும் அதில் சேர்க்கச் சொல்லி வற்புறுத்தியது கீழ்வீட்டு அம்மா.